உள்ளூர் ஷட்டில் லீக்: எட்டுப் பேர் இருந்தால் ஆரம்பித்துவிடலாம்

தினமும் அதே நாலு பேரோடு அதே கோர்ட்டில் ஷட்டில் ஆடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேர்க்க ஆடுகிறோம், உடம்புக்கும் நல்லது, எல்லாம் சரி. ஆனால் யார் பக்கம் யார் நின்றால் ஜெயிப்பார்கள் என்று டாஸ் போடும்போதே தெரிந்துவிடுகிறது, எட்டு பாயிண்ட் வித்தியாசம் வந்ததும் தோற்கிற பக்கம் கையைத் தளர்த்திவிடுகிறது, கொஞ்ச நாளில் ஒருத்தர் இரண்டு பேர் முழங்கால் வலி, ஆபீஸில் வேலை என்று சொல்லி நின்றுவிடுகிறார்கள். அதே ஆட்களையும் அதே கோர்ட்டையும் வைத்துக்கொண்டு ஒரு சின்ன லீக் ஆரம்பித்துப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டரைக்கு இன்னாருக்கும் இன்னாருக்கும் ஆட்டம் என்று எழுதிப் போட்டுவிட்டாலே போதும், மதியமே பேட்டை எடுத்து கிரிப் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள்.

பெரிய டோர்னமென்ட் நடத்தத் தெரிந்தவர்கள் நம்ம ஊரில் நிறைய உண்டு. பந்தல், மைக் செட், கோப்பை, சிறப்பு விருந்தினர் என்று பிரமாதமாகச் செய்வார்கள். நான் சொல்வது அது இல்லை. எட்டுப் பேர், பத்துப் பேர் தங்களுக்குள் ஏழெட்டு வாரம் ஆடுகிற லீக். இதில் சாம்பியன் யார் என்பது இரண்டாவது விஷயம்தான். முதல் விஷயம், ஒவ்வொரு ஆட்டமும் 18-18 வரைக்கும் வர வேண்டும். இருபது வயசுப் பையனும் ஐம்பத்தைந்து வயசு அண்ணாச்சியும் ஒரே கோர்ட்டில் நின்று, கடைசி இரண்டு பாயிண்டுக்கு மூச்சு வாங்க வேண்டும். அப்படி அமைந்துவிட்டால் யாரும் லீவு போட மாட்டார்கள். எப்படி அமைப்பது என்பதுதான் கீழே உள்ளதெல்லாம்.

ஆள் சேர்ப்பது

நல்லா ஆடுகிறவர்களை மட்டும் பொறுக்காதீர்கள். வாரத்துக்கு ஒரு நாள் தவறாமல் வருகிறவரா என்பதை மட்டும் பாருங்கள். பேங்க்கில் வேலை பார்ப்பவர், வாத்தியார், கல்லூரிப் பையன்கள், ஒன்பது மணிக்குக் கடையடைத்துவிட்டு வருகிறவர் என்று கலந்து இருந்தால்தான் லீக் கலகலப்பாக இருக்கும், ஆனால் நேரம் ஒத்துவருகிறதா என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். கடைக்காரரை ஆறரை மணி ஆட்டத்தில் போட்டால் அவர் ஒவ்வொரு வாரமும் ஓடி வந்து, வார்ம்-அப் இல்லாமல் இறங்கி, மூன்றாவது வாரம் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்.

பெண்களையும் கூப்பிடுங்கள். பாளையங்கோட்டையில் பள்ளி, கல்லூரி நாட்களில் நன்றாக ஆடிவிட்டுக் கல்யாணத்துக்கு அப்புறம் பேட்டைப் பரணில் போட்ட அக்காமார் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வசதியான நேரம் என்னவென்று அவர்களிடமே கேட்டு, அந்த நேரத்துக்குக் கோர்ட்டைப் பிடித்தால் வருவார்கள். ராத்திரி ஒன்பதரைக்கு வைத்துவிட்டு யாரும் வரவில்லை என்று சொல்வதில் நியாயம் இல்லை.

பொறுப்புக்கு ஒருத்தர் வேண்டும். கூட்டத்திலேயே நல்லா ஆடுகிறவர் அந்த ஆளாக இருக்கக் கூடாது. அவர் சொல்கிற தீர்ப்பெல்லாம் அவருக்கே சாதகம் என்று பேச்சு வரும். எல்லாரும் "அண்ணாச்சி சொன்னா சரி" என்று ஒத்துக்கொள்கிற ஒருத்தர், கணக்கு எழுதச் சலிக்காதவர், அவர் போதும்.

ஜோடி போடுவதில்தான் சூட்சுமம்

நிரந்தர ஜோடி வைக்காதீர்கள். நல்ல ஆட்டக்காரர் இரண்டு பேர் ஒன்று சேர்ந்துவிட்டால் அந்த நிமிஷமே லீக் முடிந்துவிட்டது. பார்ட்னர் மாறிக்கொண்டே இருக்க வேண்டும், வெற்றிப் புள்ளி ஆளுக்கு ஆள் தனியாகச் சேர வேண்டும். எட்டுப் பேர் என்றால் இதற்கு அழகான ஒரு கணக்கு இருக்கிறது. எல்லாருக்கும் 1 முதல் 8 வரை சீட்டுக் குலுக்கி எண் கொடுங்கள். முதல் வாரம் இரண்டு ஆட்டம்:

8, 1 ஒரு பக்கம். 5, 6 எதிர்ப்பக்கம்.
2, 4 ஒரு பக்கம். 3, 7 எதிர்ப்பக்கம்.

அடுத்த வாரம் 8 மட்டும் அப்படியே நிற்க, மற்ற எண்களில் ஒன்று ஒன்று கூட்டுங்கள், 7க்கு அடுத்தது 1. ஆக இரண்டாவது வாரம் 8, 2 ஜோடிக்கு எதிராக 6, 7; 3, 5 ஜோடிக்கு எதிராக 4, 1. மூன்றாவது வாரம் 8, 3 ஜோடிக்கு எதிராக 7, 1. 4, 6 ஜோடிக்கு எதிராக 5, 2. இப்படியே ஏழு வாரம் போனால் ஒவ்வொருத்தரும் மற்ற ஏழு பேரோடும் தலா ஒரு முறை பார்ட்னராகவும், தலா இரண்டு முறை எதிராளியாகவும் ஆடி முடித்திருப்பார்கள். மொத்தம் 14 ஆட்டம். வாரத்துக்கு இரண்டு ஆட்டம் என்பதால் ஒரே கோர்ட்டில் ஒன்றரை மணி நேரத்தில் முடியும். ஒருத்தருக்கும் "எனக்கு மட்டும் எப்பவும் லேசான பார்ட்னர்" என்று சொல்ல வழியே இல்லை.

ஐந்து பேர்தான் தேறினார்கள் என்றாலும் கவலை வேண்டாம். 1 உட்கார, 2, 5 ஜோடிக்கு எதிராக 3, 4. 2 உட்கார, 3, 1 ஜோடிக்கு எதிராக 4, 5. அப்படியே ஒன்று ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போனால் ஐந்து ஆட்டத்தில் எல்லாரும் எல்லாரோடும் ஒரு முறை சேர்ந்துவிடுவார்கள், ஆளுக்கு ஒரு முறை உட்கார்ந்து ஸ்கோர் சொல்வார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கு இது நல்ல ஏற்பாடு.

ஒரு ஆட்டம் என்பது 21 பாயிண்ட் கேம் மூன்று, அதில் இரண்டை எடுத்தவருக்கு வெற்றி. ஜெயித்தால் ஆளுக்கு 2 புள்ளி, மூன்று கேம் வரை இழுத்துத் தோற்றால் 1, நேராக இரண்டு கேமில் தோற்றால் 0. அந்த ஒரு புள்ளி முக்கியம். முதல் கேமைத் தோற்ற ஜோடிக்கு இரண்டாவது கேமில் உயிரைக் கொடுத்து ஆட அதுதான் காரணமாக இருக்கும். கடைசியில் புள்ளி சமமானால் ஜெயித்த கேமுக்கும் தோற்ற கேமுக்கும் உள்ள வித்தியாசம், அதுவும் சமமானால் பாயிண்ட் வித்தியாசம்.

முன்கூட்டியே பாயிண்ட் கொடுப்பது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்ம ஊரில் ஷட்டிலில் இதைச் செய்கிறவர்கள் குறைவு, செய்தால் கிடைக்கிற பலன் ரொம்பப் பெரிது.

கோல்ஃப் ஆடுகிறவர்களிடம் ஹேண்டிகேப் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. நல்லா ஆடுகிறவருக்கும் சுமாராக ஆடுகிறவருக்கும் உள்ள இடைவெளியை எண்ணாக்கி, சுமாரானவர் பந்தை அடித்த கணக்கில் அத்தனை அடியைக் கழித்துவிடுவார்கள். அதனால்தான் அப்பாவும் மகனும், முதலாளியும் புதுசாக வந்த பையனும் ஒரே போட்டியில் நிஜமாகவே மோத முடிகிறது. 2020இல் உலகம் முழுவதற்கும் ஒரே முறையாக்கினார்கள். கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8 ஆட்டங்களின் சராசரியை எடுத்துத்தான் அந்த எண்ணைப் போடுகிறார்கள். நல்ல நாளில் ஒருத்தர் எப்படி ஆடுவார் என்பதுதான் அங்கே அளவு. வேண்டுமென்றே மோசமாக ஆடி எண்ணைக் கூட்டிக்கொள்வது சுலபம் இல்லை. ரொம்ப நியாயமான யோசனை, அதை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ளலாம்.

ஷட்டிலில் கணக்கு இன்னும் சுலபம். 2006 முதல் எந்தப் பக்கம் சர்வீஸ் இருந்தாலும் ராலியை, அதாவது சர்வீஸிலிருந்து இறகுப் பந்து கீழே விழுகிற வரைக்கும் உள்ள ஆட்டத்தை, ஜெயித்தவருக்குப் பாயிண்ட் என்றாகிவிட்டதால், பத்து ராலியில் ஆறு ஜெயிக்கிற ஜோடி 21 எடுக்கும்போது எதிர் ஜோடி ஏறக்குறைய 14 எடுத்திருக்கும். நூறு ராலியில் 55 ஜெயிக்கிற ஜோடி என்றால் 21-17. ஆக வழக்கமாக 21-14 என்று முடிகிற இடத்தில் ஐந்து பாயிண்டை முன்னாலேயே கொடுத்துவிட்டு ஆரம்பித்தால் ஆட்டம் கடைசி வரை போகும். முழு ஏழையும் கொடுக்க வேண்டாம், நல்லா ஆடுகிறவருக்கும் ஒரு சின்ன லாபம் இருக்கட்டும், அவர் உழைத்துச் சம்பாதித்ததுதானே அது.

செய்முறை இதுதான். கூட்டத்தில் சிறந்த ஆட்டக்காரருக்கு 0, இப்போதுதான் பழகுகிறவருக்கு 5, மற்றவர்களுக்கு இடையில் ஒரு எண். ஜோடியின் எண், இரண்டு பேருடைய எண்ணின் கூட்டல். ஒரு பக்கம் 0, 4 எண்ணுள்ளவர்கள் என்றால் மொத்தம் 4, எதிர்ப்பக்கம் 3, 5 என்றால் மொத்தம் 8, வித்தியாசம் 4. ஒவ்வொரு கேமும் 4-0 என்று ஆரம்பிக்கும். எவ்வளவு வித்தியாசம் வந்தாலும் 7க்கு மேல் கொடுக்காதீர்கள். 3-0, 5-0 மாதிரி ஒற்றைப்படையில் ஆரம்பித்தால் அந்த ஜோடி முதல் சர்வீஸை இடது கட்டத்திலிருந்து போட வேண்டும், இரட்டைப்படை என்றால் வலது, வழக்கமான விதிதான்.

முதல் எண்ணை ஓட்டெடுத்து முடிவு பண்ணாதீர்கள், மனஸ்தாபம் வரும். லீக்குக்கு முந்தின வாரம் ஆளை மாற்றி மாற்றி ஆடவிட்டு, பொறுப்பாளரும் இன்னும் இரண்டு பேரும் பார்த்து எழுதட்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை திருத்துங்கள்: தொடர்ந்து இரண்டு ஆட்டம் சுலபமாக ஜெயித்தவருக்கு ஒன்று குறையும், தொடர்ந்து இரண்டு ஆட்டம் சுலபமாகத் தோற்றவருக்கு ஒன்று கூடும், ஆனால் ஒருத்தருக்கு மொத்த சீசனிலும் இரண்டுக்கு மேல் கூட்டக் கூடாது. எல்லாவற்றையும் வாட்ஸ்அப் குழுவில் வெளிப்படையாகப் போடுங்கள். உங்கள் எண் 4இலிருந்து 3 ஆகிவிட்டது என்று பார்க்கும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, கோப்பை வாங்கினால்கூட அப்படி வராது.

ஒன்று உண்டு. நல்லா ஆடுகிற சிலர் ஆரம்பத்தில் முகம் சுளிப்பார்கள். "நான் கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டது, எதுக்கு வே சும்மா அஞ்சு பாயிண்ட் கொடுக்கணும்" என்பார்கள். ஒரு மாதம் ஆடச் சொல்லுங்கள். 0-5இல் ஆரம்பித்து 21-19இல் ஜெயித்துவிட்டு வருகிறவர் 21-8 ஜெயித்தவரைவிட நிறைவாகத்தான் வீட்டுக்குப் போவார்.

எந்த மாதத்தில் வைப்பது

நம்ம திருநெல்வேலிப் பக்கத்துக்குப் பொங்கல் முடிந்ததிலிருந்து மாசிக் கடைசி வரைக்கும்தான் சிறந்த சீசன். மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது, ஏழு வாரமும் அதற்குள் அடங்கிவிடும். பங்குனி உத்திரத்துக்கு எல்லாரும் சாஸ்தா கோவிலுக்குப் போய்விடுவார்கள், அந்த வாரத்தில் ஃபைனல் வைத்தால் இரண்டு பக்கமும் ஆள் இருக்காது. அப்புறம் கோவில் கொடை சீசன், அக்னி நட்சத்திரம். தகரக் கூரை போட்ட இன்டோர் கோர்ட்டில் சித்திரை மாதம் மதியம் ஆடுவது உடம்பைக் கெடுக்கிற வேலை, விடிகாலை ஐந்தரை மணிக்கு வைத்தால் சரி.

வெளியில் மண் தரையில் ஆடுகிறவர்களுக்கு ஆனி, ஆடி இரண்டு மாதமும் வேண்டாம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது ஐந்து கிராம் காக் (இறகுப் பந்து) என்ன செய்யும்? வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் என்று காற்றாலை சுற்றுகிற ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அந்தப் பக்கத்துச் சேக்காளிகள் அந்த மாதங்களில் கம்பளிப் பந்தில் ஐந்து பேர் கொண்ட பூப்பந்து ஆடலாம், அதற்கும் இதே மாதிரி லீக் போடலாம். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரலும் சேர்ந்துகொள்ளும், இன்டோர்தான் வழி. ஆவணி, புரட்டாசியில் இரண்டாவது சீசன் வைக்கலாம், ஆனால் தசரா வாரத்தைத் தள்ளுங்கள், குலசை முத்தாரம்மன் கோவிலுக்கு மாலை போட்டவர்கள் பலர் இருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. முகூர்த்த நாளையும் நாட்காட்டியில் ஒரு தடவை பார்த்துவிட்டே தேதி குறியுங்கள்.

காக் வாங்கும்போது

இறகுக் காக்கில் 16 இறகு இருக்கும், எடை 4.74 முதல் 5.50 கிராம் வரை. டப்பாவின் மூடியில் 75, 76, 77, 78 என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், அது வேகம். எண் கூடக் கூடக் காக் தூரம் போகும். வெயில் நேரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் அதே காக் இன்னும் தூரம் போகும். அதனால் நம்ம ஊர் வெயிலுக்கு 76 வாங்குங்கள், மார்கழி, தை ராத்திரிகளில் 77 சரியாக இருக்கும். சந்தேகம் வந்தால் சோதித்துவிடலாம்: பின் கோட்டின் மேல் நின்று, கீழிருந்து மேலாக முழு வீச்சில் அடியுங்கள். எதிர்ப்பக்கப் பின் கோட்டுக்கு 53 செ.மீ. முதல் 99 செ.மீ. வரை முன்னால் விழுந்தால் அந்தக் காக் சரியான வேகம்.

கோடையில் இறகு காய்ந்து, இரண்டு ஸ்மாஷிலேயே ஒடியும். முந்தின நாள் ராத்திரி டப்பாவின் இரண்டு மூடியையும் திறந்து, கொதிக்கிற தண்ணீரின் ஆவியில் சில வினாடி காட்டிவிட்டு மூடி வையுங்கள். இறகுக்கு ஈரப்பதம் ஏறினால் கூடுதல் நேரம் உழைக்கும். தக்கையில் ஈரம் படக் கூடாது. வாத்து இறகைவிடக் கூஸ் என்கிற பெரிய வாத்தின் இறகு நின்று உழைக்கும், விலையும் கூட. மண் கோர்ட்டில் ஆடுகிறவர்களுக்கு நைலான் காக் போதும், அதில் தக்கையைச் சுற்றி உள்ள பட்டை பச்சை என்றால் மெது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகம்.

செலவு விஷயத்தில் ஒரே விதி வையுங்கள். கோர்ட் வாடகையும் காக்கும் எல்லாருக்கும் சமம், சீசன் ஆரம்பத்திலேயே வசூல். "தோத்தவங்க காக் வாங்கணும்" என்ற பழக்கத்தை விட்டுவிடுங்கள். நன்றாக ஆடத் தெரியாதவர் தான் கற்றுக்கொள்வதற்கே தண்டம் கட்டுகிற மாதிரி அது. படிக்கிற பையன்களுக்குப் பாதி கட்டணம் போடுங்கள், சம்பாதிக்கிற அண்ணன்மார் மீதியைப் பார்த்துக்கொள்வார்கள்.

கோடு, சர்வீஸ், சண்டை

அம்பயர் இருக்க மாட்டார். அதனால் காக் யார் பக்கம் விழுகிறதோ அவர்கள்தான் உள்ளே, வெளியே சொல்ல வேண்டும், எதிர்ப்பக்கம் அதை ஏற்க வேண்டும். சரியாகப் பார்க்கவில்லை என்றால் "பார்க்கலை" என்று சொல்லுங்கள், அந்த ராலியைத் திரும்ப ஆடுங்கள். உட்கார்ந்து பார்க்கிறவர்கள் கேட்காமல் தீர்ப்புச் சொல்லவே கூடாது, பாதிச் சண்டை அங்கிருந்துதான் கிளம்புகிறது. கோட்டைத் தொட்டாலே உள்ளே. பேட்டிலோ சட்டையிலோ பட்டது பட்டவருக்குத்தான் தெரியும், அவரே கையைத் தூக்கிவிட வேண்டும். லீக்கில் முதல் ஆளாக அப்படிக் கையைத் தூக்குகிறவரைப் பார்த்து மற்றவர்களும் பழகுவார்கள், நீங்களே அந்த முதல் ஆளாக இருங்கள்.

சர்வீஸ் அடிக்கும்போது காக் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது 2018 முதல் வந்த விதி. கம்பம் நட்டு அளந்துகொண்டிருக்க முடியாது, நெட்டின் உச்சி நடுவில் 1.524 மீட்டர் என்பதால் அதைவிட ஒன்றேகால் அடி கீழே என்று கண்ணுக்கு ஒரு மட்டம் வைத்துக்கொள்ளுங்கள். டபுள்ஸில் சர்வீஸ் பின் கோடு கடைசிக் கோட்டுக்கு 76 செ.மீ. முன்னால் இருக்கிறது, நாலு பேரில் ஒருத்தராவது இதை மறந்துவிட்டு வாதாடுவார், முதல் நாளே காட்டிவிடுங்கள். 20-20 ஆனால் இரண்டு பாயிண்ட் முன்னால் போக வேண்டும், 29-29 ஆனால் முப்பதாவது எடுப்பவருக்குக் கேம். 11இல் ஒரு நிமிஷம் தண்ணீர், கேமுக்கும் கேமுக்கும் இடையில் இரண்டு நிமிஷம்.

வராதவர் விஷயம். முந்தின நாள் ராத்திரிக்குள் சொன்னால் அந்த வாரத்துக்குள்ளேயே வேறு நாளில் ஆடலாம். சொல்லாமல் நின்றால் எதிர் ஜோடிக்கு 2 புள்ளி, அவருடைய பார்ட்னருக்கு 1 புள்ளி. பார்ட்னர் என்ன பாவம் செய்தார்?

பார்ட்னர் உங்களைவிடப் பெரிய ஆட்டக்காரர் என்றால்

பெரும்பாலானவர்கள் இங்கேதான் சந்தோஷத்தைத் தொலைக்கிறார்கள். தன்னால் தோற்றுவிடக் கூடாதே என்ற பயத்தில் பேட்டை ஓங்கவே தயங்குவார்கள். நீங்கள் செய்ய வேண்டியது மூன்றே காரியம். சர்வீஸைக் குட்டையாக, நெட்டை உரசுகிற மாதிரிப் போடுங்கள். தினமும் ஆட்டத்துக்கு முன்னால் பத்து நிமிஷம் அதை மட்டும் பழகினால் ஒரு மாதத்தில் கூட்டத்திலேயே நல்ல சர்வீஸ் உங்களுடையதாக இருக்கும். உங்கள் பக்கம் மேலே தூக்கி அடித்துவிட்டால் உடனே இரண்டு பேரும் பக்கவாட்டில் பிரிந்து நில்லுங்கள். எதிர்ப்பக்கம் தூக்கிக் கொடுத்து உங்கள் பார்ட்னர் பின்னால் போய் அடிக்கிறார் என்றால் நீங்கள் நெட் பக்கம் முன்னால் போங்கள். முன்னால் நிற்கும்போது பின்னால் என்ன நடக்கிறது என்று திரும்பிப் பார்க்காதீர்கள், கண்ணில் காக் பட்டுவிடலாம். இரண்டு பேருக்கும் நடுவில் வருவதற்குச் சத்தமாக "என்னுது" என்றோ, "விடு, அவுட்டு" என்றோ சொல்லிப் பழகுங்கள்.

நீங்கள் பெரிய ஆட்டக்காரர் என்றால் உங்கள் வேலை இன்னும் முக்கியமானது. பார்ட்னரின் காக்கைத் தாவிப் போய் அடிக்காதீர்கள். ராலி முடிந்தவுடன் பாடம் எடுக்காதீர்கள், "சரி சரி, அடுத்தது" என்ற ஒரு வார்த்தை போதும். சொல்ல வேண்டியது இருந்தால் ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போது சொல்லுங்கள், அப்போது கேட்டுக்கொள்வார்.

உடம்பு

நாற்பது தாண்டியவர்கள் பத்து நிமிஷம் உடம்பைச் சூடாக்காமல் முதல் ஸ்மாஷ் அடிக்கவே கூடாது. மெதுவாக ஓட்டம், கணுக்கால் சுழற்றுவது, தோள் சுழற்றுவது, அப்புறம் நெட் பக்கம் லேசாகத் தட்டுவது. குதிகால் தசைநாரும் கெண்டைக்காலும்தான் ஷட்டிலில் முதலில் போகும். ரோட்டில் ஓடுகிற தடித்த அடிப்பாகம் உள்ள ஷூவில் பக்கவாட்டில் பாய்ந்தால் கணுக்கால் பிசகும், தட்டையான ரப்பர் அடி உள்ள கோர்ட் ஷூ வாங்குங்கள், பேட்டுக்குச் செலவு செய்வதைக் குறைத்துக்கொண்டாவது வாங்குங்கள். பல வருஷம் ஆடாமல் இருந்து திரும்ப வருகிறவர்களும், சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களும் டாக்டரைப் பார்த்துவிட்டு வரட்டும். ஆடும்போது நெஞ்சில் இறுக்கமோ கையில் இழுப்போ தெரிந்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும், ஸ்கோர் என்னவாக இருந்தாலும் சரி.

வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது

லீக் ஒரு சீசன் ஆடிவிட்டால் ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளுக்குப் போகத் தைரியம் வந்துவிடும். தூத்துக்குடி, நாகர்கோவில், கோவில்பட்டி, அம்பாசமுத்திரம் என்று காலையில் கிளம்பி ராத்திரிக்குள் வீடு திரும்புகிற தூரத்தில் ஆடலாம். நோட்டீஸில் என்ன பிரிவு என்று கவனமாகப் படியுங்கள். ஓப்பன் என்றால் மாநில அளவில் ஆடுகிறவர்களும் வருவார்கள். கம்பைண்டு ஏஜ் 80, 90 என்றால் இரண்டு பேர் வயசையும் கூட்டி அந்த எண்ணைத் தாண்ட வேண்டும், அண்ணாச்சிமாருக்கு ஏற்ற பிரிவு. ஜம்பிள்டு டபுள்ஸ் என்றால் நல்லா ஆடுகிறவரையும் சுமாராக ஆடுகிறவரையும் சீட்டுக் குலுக்கிச் சேர்ப்பார்கள், லீக்கில் பார்ட்னர் மாற்றிப் பழகியவர்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

நாக்-அவுட்டா, லீக்கா என்றும் கேளுங்கள். பதினாறு ஜோடி நாக்-அவுட் என்றால் எட்டு ஜோடி ஒரே ஆட்டத்தோடு பஸ் ஏற வேண்டியதுதான். நீங்களே ஒரு நாள் போட்டி நடத்தினால் பதினாறு ஜோடியை நாலு நாலாகப் பிரித்து, குழுவுக்குள் லீக்காக ஒரே 21 கேம் வையுங்கள். 24 ஆட்டம், ஆட்டத்துக்குக் கால் மணி நேரம், இரண்டு கோர்ட் இருந்தால் மூன்று மணி நேரத்தில் முடியும். கடைசி ஜோடிக்கும் மூன்று ஆட்டம் உறுதி. அதற்கு அப்புறம் குழுவில் முதல் இரண்டு இடக்காரர்களுக்கு ஒரு கோப்பை, மற்ற இரண்டு இடக்காரர்களுக்குத் தனியாக இன்னொரு கோப்பை என்று நாக்-அவுட் நடத்துங்கள். இரண்டாவது கோப்பையின் ஃபைனலுக்குத்தான் கூட்டம் அதிகம் கத்தும், ஏனென்றால் அதில் ஆடுகிறவர்களில் பாதிப் பேருக்கு அது வாழ்க்கையின் முதல் ஃபைனல்.

பரிசுக்குப் பணம் வேண்டாம். பணம் வந்தால் வெளியிலிருந்து ஆளைக் கொண்டு வந்து இறக்குவார்கள். ஜெயித்தவருக்கு ஒரு டப்பா காக், அரைக் கிலோ அல்வா, அவர் பெயர் எழுதின ஒரு சுழல் கேடயம், அது போதும். ஹேண்டிகேப் எண் அதிகம் குறைந்தவருக்கும், ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்தவருக்கும் தனிப் பரிசு கட்டாயம் கொடுங்கள். பரிசளிப்பு முடிந்து எல்லாரும் கலைவதற்கு முன்னாலேயே அடுத்த சீசனுக்கு ஒரு தாளில் பெயர் எழுதி வாங்கிவிடுங்கள், எட்டுக்கு மேல் பெயர் சேர்ந்தால் பதினாறாக்கி இரண்டு குழு போட்டுவிடலாம்.